யசுஜிரோ ஓசுவின் படங்களை எங்கிருந்து தொடங்குவது, எப்படிப் பார்ப்பது?

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் பெயரைக் கேள்விப்பட்டதும் அவருடைய 'டோக்கியோ ஸ்டோரி'யைப் போட்டு, முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிட்டவர்கள் நிறையப் பேர். படத்தின் மீதும் குற்றமில்லை, பார்த்தவர் மீதும் குற்றமில்லை. வரிசைதான் தப்பு. ஐந்து பிள்ளைகள் பெற்ற ஒரு குடும்பம் அறிமுகமே இல்லாமல் வந்து பேசத் தொடங்குகிறது. யார் யாருக்கு என்ன முறை என்பதை ஆங்கில சப்டைட்டில் பாதி விழுங்கிவிடுகிறது. கூச்சல் இல்லை, சண்டை இல்லை, பின்னணி இசை எங்கே அழ வேண்டும் என்று எடுத்துக்கொடுப்பதும் இல்லை. பழக்கமில்லாத கண்ணுக்கு அது வெறும் டீ குடிக்கும் படமாகத்தான் தெரியும்.

ஆனால் தமிழ் பேசும் ஒருவருக்கு ஓசு அந்நியரே அல்ல. பெண்ணுக்கு வயது ஏறுகிறது, வரன் வருகிறது, அப்பா தனியாகிவிடுவாரே என்று பெண் தயங்குகிறாள், அத்தை வந்து நாளைக் குறிக்கச் சொல்கிறாள். அவருடைய முக்கியமான படங்களில் பாதி இந்தக் கதைதான். கொஞ்சம் முன்தயாரிப்பும் சரியான வரிசையும் இருந்தால், ஆங்கிலத்தில் மட்டும் பார்ப்பவருக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைக்கும்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக: 1903 டிசம்பர் 12 அன்று டோக்கியோவில் பிறந்தார். 1923இல் ஷோசிகு ஸ்டூடியோவில் உதவி கேமராமேனாகச் சேர்ந்தார். 1927இல் முதல் படம் இயக்கினார். 1963 டிசம்பர் 12 அன்று, தன் அறுபதாவது பிறந்த நாளிலேயே, புற்றுநோயால் இறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை, தாயோடு வாழ்ந்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களில் மௌனப் படங்கள் பல அழிந்துபோயின. கடைசி பதின்மூன்று ஆண்டுகளில் எல்லாத் திரைக்கதையும் கோகோ நோடாவோடு சேர்ந்து எழுதியது. கேமரா ஏறக்குறைய எப்போதும் யுஹாரு அட்சுதா. நடிகர்களும் திரும்பத் திரும்ப அதே ஆட்கள். அதனால் ஒரு படத்தைத் தனியாகப் பார்ப்பதைவிட அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் ஓசு பிடிபடுவார். கீழே சொல்லியிருப்பது ஒன்பது படங்கள். வாரம் ஒன்று என்றால் இரண்டு மாதம் ஆகும். ஒரே நாளில் இரண்டு பார்க்காதீர்கள். முகங்களும் பெயர்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

முதலில் தலைப்புக் குழப்பம்

ஓசு தன் படங்கள் பலவற்றுக்குப் பருவங்களின் பெயரை வைத்தார். ஆங்கிலத்தில் அவை எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கும். 'லேட் ஸ்பிரிங்' தேடிப் போய் 'எர்லி ஸ்பிரிங்' பார்த்துவிட்டு வருவது அடிக்கடி நடக்கிறது. முன்னது அப்பாவும் மகளும் பற்றியது, 1949. பின்னது ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு கணவன் வழி தவறும் கதை, 1956. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எனவே எந்தத் தளத்தில் தேடினாலும் ஆண்டைப் பாருங்கள், முடிந்தால் ஜப்பானியப் பெயரையும் பாருங்கள்:

பன்ஷுன் — லேட் ஸ்பிரிங், 1949
பகுஷூ — எர்லி சம்மர், 1951
சோஷுன் — எர்லி ஸ்பிரிங், 1956
அகிபியோரி — லேட் ஆட்டம், 1960
கோஹயகவாகே நோ அகி — தி எண்ட் ஆஃப் சம்மர், 1961
சன்மா நோ அஜி — ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன், 1962

கடைசிப் பெயருக்கு 'சன்மா மீனின் சுவை' என்று பொருள். இலையுதிர் காலத்தில் ஜப்பானியர் விரும்பிச் சாப்பிடும் மீன் அது. படத்தில் அந்த மீன் வருவதே இல்லை. 'பகுஷூ' என்பது பார்லி கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும் பருவம். நமக்கு 'தை' என்றதும் என்ன தோன்றுகிறதோ அப்படி. 'எர்லி சம்மர்' என்ற மொழிபெயர்ப்பில் அந்தக் கதிர் காணாமல் போகிறது. படத்தின் கடைசிக் காட்சியே பார்லி வயல்தான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிவியைச் சரிசெய்யுங்கள்

ஓசு அகலத்திரைப் படம் எடுத்ததில்லை. அவருடைய பேசும் படங்களின் சட்டகம் 1.37:1; பழைய டிவிப் பெட்டியின் வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்றைய டிவியில் இருபக்கமும் கறுப்புப் பட்டை வரவேண்டும். பட்டை இல்லாமல் திரை முழுக்கப் படம் நிரம்பியிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: படம் இழுக்கப்பட்டிருக்கிறது, அல்லது மேலும் கீழும் வெட்டப்பட்டிருக்கிறது. இழுக்கப்பட்டிருந்தால் சுவர்க் கடிகாரம் முட்டை வடிவில் தெரியும். ஓசு படத்தில் கடிகாரத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் இதைச் சோதிப்பது சுலபம். வெட்டப்பட்டிருந்தால் உயரத்தில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். தலை உச்சியும் தரையில் இருக்கும் டீக் கோப்பையும் அறுபடும். வேறு இயக்குநருக்கு இது சின்னக் குறை. ஓசுவுக்கு இது கையை வெட்டியதுபோல, ஏனென்றால் சட்டகத்தின் கீழ்ப்பகுதியில்தான் அவர் பாத்திரங்களை அடுக்குகிறார்.

டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் 'மோஷன் ஸ்மூத்திங்' வசதியை அணைத்துவிடுங்கள். அதைப் போட்டுவைத்தால் 1950களின் படம் சீரியல் மாதிரி தெரியும்.

பிரதி நல்லதா என்று பார்க்க, வண்ணப் படமென்றால் சிவப்பைப் பாருங்கள். ஓசு வண்ணத்துக்கு வந்தபோது அக்ஃபா ஃபிலிமைத் தேர்ந்தெடுத்ததே அதில் சிவப்பு நன்றாக வருகிறது என்பதால்தான். அவர் வைக்கும் கெட்டில் செக்கச் சிவப்பாக இல்லாமல் ஆரஞ்சாகத் தெரிந்தால் வெளிறிய பிரதி. வேறு பிரதி தேடுங்கள். 'டோக்கியோ ஸ்டோரி'யில் மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதன் மூல நெகட்டிவ் தீயில் போய்விட்டது, இன்று இருப்பவை மறுபிரதிகளிலிருந்து மீட்டெடுத்தவை.

யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் பிரதிகளில் இயந்திரம் மொழிபெயர்த்த சப்டைட்டில் உள்ளவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாய் பெரும்பாலும் மறைந்தே இருக்கும். இயந்திரம் 'அவன்' போட வேண்டிய இடத்தில் 'நான்' போட்டுவிடும். கல்யாணப் பேச்சு நடக்கும் காட்சியில் யாருக்குக் கல்யாணம் என்பதே மாறிப்போகும்.

காதுக்குப் பத்து வார்த்தைகள்

இதுதான் இந்தக் குறிப்பிலேயே அதிகம் பயன்படும் பகுதி. பத்து வார்த்தைகளைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் சப்டைட்டில் விட்டதைக் காது பிடித்துக்கொள்ளும்.

ஒதோசன் அப்பா, ஒகாசன் அம்மா, ஒனீசன் அண்ணன், ஒனேசன் அக்கா. அண்ணியையும் ஒனேசன் என்றே கூப்பிடுவார்கள். ஒபசன் என்றால் அத்தை, சித்தி, பெரியம்மா. ஒபாசன் என்றால் பாட்டி. ஒஜிசன் மாமா, சித்தப்பா, ஒஜீசன் தாத்தா. குறில் நெடிலில்தான் ஒரு தலைமுறையே இருக்கிறது. ஆங்கிலக் காதுக்கு இந்த வேறுபாடு பிடிபடுவது கஷ்டம். குறில் நெடில் பார்த்துப் பேசி வளர்ந்த நமக்கு முதல் படத்திலேயே பிடிபடும்.

வீட்டை விட்டுக் கிளம்புபவர் 'இத்தெ கிமாசு' என்பார். இத்தெ என்றால் போய், கிமாசு என்றால் வருகிறேன். போயிட்டு வரேன் என்று நாம் சொல்வது அப்படியே! வீட்டில் இருப்பவர் 'இத்தெராஷை' என்பார்: போயிட்டு வாங்க. சப்டைட்டிலில் இது 'குட்பை' என்றோ 'ஐ ஆம் ஆஃப்' என்றோ வரும், சில நேரம் வராமலே போகும். ஓசுவின் வீடுகளில் நாள் முழுக்க யாராவது வாசலில் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மகள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த வீட்டு வாசலில் இது கேட்காது. அந்த மௌனம் உறைக்க வேண்டுமென்றால் முன்னால் அது கேட்டிருக்க வேண்டும்.

இன்னும் மூன்று. 'சோ கா' என்றால் அப்படியா. சிஷு ரியூ என்ற நடிகர் இந்த ஒரு சொல்லை வைத்தே சம்மதம், ஏமாற்றம், தெரிந்தும் தெரியாததுபோல் இருத்தல் எல்லாவற்றையும் காட்டிவிடுவார். வாக்கியக் கடைசியில் வரும் 'நே' நம்முடைய 'இல்ல?' மாதிரி. பெண்ணைக் கட்டிக்கொடுப்பதற்கு இந்தப் படங்களின் பெரியவர்கள் சொல்லும் வார்த்தைகளில் ஒன்று 'கதசுகேரு'. சாமானை எடுத்து அதன் இடத்தில் வைப்பதற்கும் அதே சொல்தான். பெண்ணைக் கரையேற்றுவது என்று சொல்லிப் பழகிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அதில் உள்ள பாசமும் குரூரமும் சேர்ந்தே புரியும்.

முதல் படம்: ஒஹாயோ, 1959

'குட் மார்னிங்' என்ற பெயரில் கிடைக்கும். 94 நிமிடம், வண்ணம், நகைச்சுவை. ஒட்டி ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகள் உள்ள புறநகர். டிவி வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கும் இரண்டு பையன்களை அப்பா 'வாயை மூடு' என்று அதட்ட, அவர்கள் நிஜமாகவே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பெரியவர்கள் மட்டும் 'காலை வணக்கம்', 'நல்ல வெயில்' என்று வெட்டிப்பேச்சு பேசலாமா என்பது பையன்களின் வாதம். பையன்கள் குசு விடுவதில் போட்டி போடும் காட்சிகளும் உண்டு. ஓசு என்றால் பெரிய ஞானி என்று பயந்து உட்காருபவர்களுக்கு அது நல்ல மருந்து.

இதில் ஒன்றே ஒன்றைச் செய்யுங்கள்: வீடுகளுக்கு நடுவே உள்ள சந்துப் பாதையை ஒரு தாளில் வரைந்துபாருங்கள். எந்த வீடு எதற்கு எதிரே என்று பத்து நிமிடம் குழம்பும். காரணம் பின்னால் வருகிறது.

நோரிகோ மூன்று: 1949, 1951, 1953

அடுத்த மூன்று வாரமும் 'லேட் ஸ்பிரிங்', 'எர்லி சம்மர்', 'டோக்கியோ ஸ்டோரி'. இதே வரிசையில் பார்க்க வேண்டும். மூன்றிலும் நடிகை செட்சுகோ ஹாரா, மூன்றிலும் அவர் பெயர் நோரிகோ, மூன்றும் வெவ்வேறு பெண்கள். தொடர்கதை என்று நினைத்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

'லேட் ஸ்பிரிங்' 108 நிமிடம். பாத்திரங்கள் குறைவு, கதை ஒரே நேர்கோடு. மனைவியை இழந்த பேராசிரியர், அவரைப் பார்த்துக்கொண்டு கல்யாணம் வேண்டாம் என்றிருக்கும் மகள். தான் மறுமணம் செய்துகொள்ளப் போவதாக அப்பா பொய் சொல்கிறார், அவள் போகட்டும் என்பதற்காக. பார்க்கும்போது ஒரு காகிதத்தில் 'காட்டாதவை' என்று தலைப்பிட்டு எழுதிக்கொண்டே வாருங்கள். மாப்பிள்ளை எங்கே? ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பர் மாதிரி இருப்பான் என்று பேச்சு அடிபடுகிறது, முகம் கடைசிவரை இல்லை. பெண் பார்த்த நிகழ்ச்சி? இல்லை. கல்யாணம்? அலங்காரத்தில் மணப்பெண் மண்டியிட்டு அப்பாவுக்கு நன்றி சொல்லிக் கிளம்புகிறாள்; அடுத்து எல்லாம் முடிந்து அப்பா மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். நம்மூர்ப் படமென்றால் கல்யாண மண்டபத்தில் இருபது நிமிடம் ஓடியிருக்கும். ஓசு விட்டுவிடும் இடங்களைப் பட்டியல் போட ஆரம்பித்ததும் அவர் மெதுவானவர் என்ற எண்ணம் போய்விடும். மற்றவர்கள் காட்டுவதையெல்லாம் தாவிவிட்டு, மிச்சமான இடத்தில் நின்று பார்க்கிறார்.

கியோட்டோ சத்திரத்தில் இரவுக் காட்சி வரும்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். அப்பா தூங்கிவிட்டார். நோரிகோ லேசாகச் சிரிக்கிறாள். ஒரு பூச்சாடி. மீண்டும் நோரிகோ, இப்போது கண் கலங்கியிருக்கிறது. மீண்டும் அதே பூச்சாடி. அந்தச் சாடியின் பொருள் என்ன என்று புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். முதல்முறை பார்க்கும்போது பொருள் தேட வேண்டாம். சாடியைக் காட்டும் நேரத்தில் அவள் முகம் மாறுகிறது, அந்த மாற்றத்தை நாம் பார்க்கவில்லை என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

'எர்லி சம்மர்' 125 நிமிடம், கூட்டுக் குடும்பம். ஆரம்பிக்கும் முன் குடும்ப மரம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்: வயதான பெற்றோர், மூத்த மகன் கோயிசி, மருத்துவர், அவர் மனைவி ஃபுமிகோ, அவர்களுடைய பையன்கள் மினோரு, இசாமு, போரிலிருந்து திரும்பாத இரண்டாவது மகன் ஷோஜி, 28 வயது மகள் நோரிகோ. அலுவலக முதலாளி கொண்டுவந்த நல்ல வரனை வீடே பேசிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தி, மனைவியை இழந்த தன் மகனுக்கு நீ வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஏக்கத்தோடு சொல்கிறாள். நோரிகோ அங்கேயே சரி என்கிறாள். ஆனந்தத்தில் தலைகால் புரியாமல் அந்த அம்மா 'பன் சாப்பிடறியா?' என்று கேட்கிறாள். மாப்பிள்ளை அந்த இடத்தில்கூட இல்லை. காதல் காட்சி என்று இதைவிட நல்லது அதிகம் வந்ததில்லை.

ஏன் சரி என்றாள்? படம் விளக்குவதில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவின் மகன், ஷோஜி போர்முனையிலிருந்து போட்ட கடிதத்தைப் பற்றிப் பேசுவார். அதற்குள் ஒரு கதிர் வைத்திருந்தது என்பார். தவறவிட்டால் பின்னால் போய்ப் பாருங்கள். கடைசி பார்லி வயல் அதன் பிறகு வேறு வயலாகிவிடும்.

இப்போது 'டோக்கியோ ஸ்டோரி', 136 நிமிடம். மறுபடியும் மரம் வரையுங்கள், பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. இங்கும் மூத்த மகன் கோயிசி, மருத்துவர். மனைவி ஃபுமிகோ, முந்தைய படத்தில் அந்தப் பாத்திரத்தில் நடித்த அதே குனிகோ மியாகே. பையன்கள் மினோரு, இசாமு. போரில் போன மகன் ஷோஜி. ஆனால் இது வேறு குடும்பம். ஷுகிசி, தோமி தம்பதி ஓனோமிசியில் இருக்கிறார்கள், கடைசி மகள் கியோகோ அவர்களோடு. டோக்கியோவில் கோயிசி, அழகு நிலையம் வைத்திருக்கும் மகள் ஷிகே, ஷோஜியின் விதவை நோரிகோ. ஒசாகாவில் ரயில்வே வேலையில் கெய்சோ. 'எர்லி சம்மர்' படத்தில், இங்கே தோமியாக வரும் சியெகோ ஹிகாஷியாமாவின் மகனாக நடித்த சிஷு ரியூ, இரண்டே ஆண்டு கழித்து அவருக்குக் கணவராக நடிக்கிறார். அப்போது ரியூவுக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

காதில் விழ வேண்டியது: நோரிகோ மாமனார் மாமியாரை ஒதோசன், ஒகாசன் என்றே அழைக்கிறாள். பெற்ற பிள்ளைகளும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கிறதா என்று கேளுங்கள். அப்பா அம்மாவின் பேச்சு ஓனோமிசிப் பக்கத்து வட்டார வழக்கு, இழுத்து முடிக்கும் பேச்சு; டோக்கியோ பிள்ளைகளின் பேச்சு வெட்டி வெட்டி வரும். சப்டைட்டிலில் இரண்டும் ஒரே ஆங்கிலம்.

இதிலும் காட்டாதவற்றைக் குறியுங்கள். ஊர் திரும்பும் ரயிலில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனது, ஒசாகாவில் இறங்கியது, எதுவும் திரையில் இல்லை. பேச்சில் மட்டும் வருகிறது. ஆனால் அதற்கு முன்பே அதாமி கடற்கரைச் சுவரில் எழுந்து நிற்கும்போது அவர் ஒரு கணம் தடுமாறுவார். ஷிகேயை வில்லியாகப் பார்த்துவிடுவது இந்தப் படத்தில் எல்லோரும் செய்யும் தவறு. ஹருகோ சுகிமுரா அவளை அப்படி நடிக்கவில்லை. கடையையும் வீட்டையும் ஓட்ட வேண்டிய, நேரமில்லாத ஒரு பெண் அவள். நம் வீடுகளில் அவளைப் பார்த்திருக்கிறோம்.

படம் முடிந்ததும் முதல் ஐந்து நிமிடத்தையும் கடைசி ஐந்து நிமிடத்தையும் அடுத்தடுத்துப் போடுங்கள். அதே அறை, ஜன்னலில் எட்டிப் பார்க்கும் அதே பக்கத்து வீட்டம்மா. யார் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், எந்த இடம் காலி என்று பாருங்கள். 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 2012இல் நடத்திய வாக்கெடுப்பில் உலக இயக்குநர்கள் இந்தப் படத்தை முதலிடத்தில் வைத்தார்கள். அதைத் தெரிந்துகொண்டு பார்ப்பதைவிட இந்தப் பத்து நிமிடம் அதிகம் சொல்லும்.

கேமராவைப் படிப்பது

நான்கு படம் முடிந்த பிறகு இந்தப் பகுதிக்கு வாருங்கள். அதற்கு முன் இது வெறும் தகவல்.

ஓசுவின் கேமரா தாழ்வாக இருக்கும். பாயில் உட்கார்ந்த ஆளின் பார்வை உயரம் அது என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். சரியில்லை. யாரும் தரையில் உட்காராத ஆபீஸ் நடைபாதையிலும் தெருவிலும்கூட அது தாழ்வாகவே இருக்கிறது. பாயில் உட்கார்ந்தவர்களையும் அது கொஞ்சம் கீழிருந்தே பார்க்கிறது. யார் பார்வையும் இல்லை. அது ஓசு சட்டகத்தை அடுக்கும் முறை. லென்ஸ் ஏறக்குறைய எப்போதும் 50 மி.மீ. கடைசிக் காலப் படங்களில் காட்சி மங்கி மறைவதும் ஒன்றில் ஒன்று கரைவதும் கிடையாது, நேர் வெட்டு மட்டுமே. கேமரா நகர்வது அரிது. 'டோக்கியோ ஸ்டோரி'யில் தங்க இடமில்லாமல் வெளியே உட்கார்ந்திருக்கும் கிழவனையும் கிழவியையும் தேடிக்கொண்டு சுவரோரமாக அது மெல்ல நகரும்போது, அசைவே புதிதாக இருக்கும்.

இரண்டு பேர் பேசும்போது ஒருவர் இடப்பக்கம் பார்த்தால் மற்றவர் வலப்பக்கம் பார்க்க வேண்டும் என்பது சினிமா இலக்கணம். அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. ஓசு தாண்டுகிறார். இருவருமே லென்ஸுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரே பக்கம் பார்ப்பதுபோல் இருக்கும். 'ஒஹாயோ'வின் சந்து குழப்பியது இதனால்தான்: அவர் கேமராவை முழு வட்டமாகச் சுற்றிச் சுற்றி வைக்கிறார். பிரதியில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள்.

'ஹிகன்பானா' (ஈக்வினாக்ஸ் ஃபிளவர், 1958) அவருடைய முதல் வண்ணப் படம். அதில் சிவப்பு கெட்டில் வரும் ஒவ்வொரு ஷாட்டிலும் நிறுத்தி, எங்கே இருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். ஒரே காட்சிக்குள் யாரும் தொடாமலே இடம் மாறியிருக்கும். அடுத்த சட்டகத்தில் சிவப்பு எங்கே விழ வேண்டும் என்பது அவருக்கு முக்கியம். முந்தைய ஷாட்டில் எங்கே இருந்தது என்பது இல்லை. ஒரு காட்சிக்கு மட்டும் இதைச் செய்தால் போதும், படம் முழுக்கச் செய்தால் கதை போய்விடும். அடுத்தவர் மகள்களின் காதலுக்கு ஆதரவாகப் பேசிவிட்டுத் தன் மகள் என்றதும் முகம் சுளிக்கும் அப்பாவின் கதை அது. அதை இழக்கக் கூடாது.

காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் ஆளில்லாத ஷாட்டுகள் வரும்: புகைக்கூண்டு, கொடியில் காயும் துணி, ரயில், காலி நடைபாதை. இடத்தை அறிமுகப்படுத்த வந்தவை என்று எடுத்துக்கொண்டால் ஏமாறுவீர்கள், சில நேரம் அடுத்த காட்சி வேறெங்கோ நடக்கும். கருப்பொருளைக் காட்டி உரிப்பொருளை உணரவைக்கும் சங்கப் பாட்டைப் படித்த கண்ணுக்கு இது அவ்வளவு புதிதில்லை. எத்தனை, எவ்வளவு நேரம் என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். எண்ணினால் பொறுமையும் வந்துவிடும்.

ஜோடியாகப் பார்க்க வேண்டியவை

ஓசு தன் கதைகளையே திரும்ப எடுத்தார். இங்கேதான் தேடிப் பார்ப்பதன் சுவையே இருக்கிறது.

'உமாரேதெ வ மிதா கெரெதோ' (ஐ வாஸ் பார்ன், பட்..., 1932) மௌனப் படம். முதலாளி முன்னால் கோமாளித்தனம் செய்யும் அப்பாவைப் பார்த்துவிட்டுப் பையன்கள் உண்ணாவிரதம் இருக்கிறார்கள். 'ஒஹாயோ'வின் மூத்த உறவு. இரண்டையும் பார்த்தால் இருபத்தேழு ஆண்டில் கசப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரியும். 1932 படத்தின் சிரிப்புதான் அதிகம் வலிக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒலியில்லாமல் வரும் பிரதி பழுதானது இல்லை. கேமரா இதில் அதிகம் நகரும், பயப்பட வேண்டாம்.

'உகிகுசா' (ஃப்ளோட்டிங் வீட்ஸ், 1959) அவர் 1934இல் எடுத்த மௌனப் படத்தின் மறுஆக்கம், நாடகக் குழுத் தலைவர் ஒருவரின் கதை. தாயெய் நிறுவனத்துக்காக எடுத்தது. கேமரா கசுவோ மியாகவா. கொட்டும் மழையில் தெருவின் இரு பக்கமும் நின்று குழுத் தலைவரும் அவரோடு வாழும் நடிகையும் திட்டிக்கொள்ளும் காட்சி, ஓசுவிடம் கோபமே இல்லை என்பவர்களுக்குக் காட்ட வேண்டியது.

பிறகு 'அகிபியோரி' (1960). 'லேட் ஸ்பிரிங்' கதைதான், அப்பாவுக்குப் பதில் அம்மா. 1949இல் மகளாக இருந்த செட்சுகோ ஹாரா இங்கே அம்மா. இரண்டுக்கும் இடையில் குறைந்தது மூன்று வாரமாவது விடுங்கள். முந்தையது கொஞ்சம் மறந்திருந்தால்தான் அவர் முகம் செய்யும் வேலை தெரியும்.

ஒன்பதாவதாக 'சன்மா நோ அஜி' (1962), கடைசிப் படம். இதை முதலில் பார்க்கக் கூடாது. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு, அதே உடையோடு மதுக்கடைக்கு வரும் அப்பாவிடம் கடைக்காரி 'சாவு வீடா?' என்று கேட்பாள். 'அந்த மாதிரிதான்' என்பார். அதற்குப் பின்னால் பதின்மூன்று ஆண்டுப் படங்கள் நிற்கின்றன. தெரியாமல் கேட்டால் அது ஒரு நல்ல வசனம் மட்டும். அதே கடையில் முன்னாள் கடற்படைக்காரர்கள் போர் அணிவகுப்பு இசையைப் போட்டு விளையாட்டாகச் சல்யூட் அடிக்கிறார்கள். தோற்றது நல்லதுதான் என்று பேச்சு வருகிறது. அந்த வாக்கியத்தை எழுதிய ஓசு சீனத்தில் போர்முனையில் இருந்தவர். 1943இல் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டவர். இந்திய விடுதலைப் போராட்டத்தைப் பற்றிப் பிரசாரப் படம் எடுக்கவே அவரை அங்கே அனுப்பினார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் திரளாக நேதாஜியின் படையில் சேர்ந்த காலம் அது. படம் நின்றுபோனது, கைப்பற்றிய அமெரிக்கப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு 1946இல் ஊர் திரும்பினார்.

இந்த ஒன்பதையும் தாண்டிப் போக விரும்பினால் 'ஹிதோரி முசுகோ' (தி ஒன்லி சன், 1936). அவருடைய முதல் பேசும் படம். பட்டாலையில் உழைத்து மகனைப் படிக்கவைத்த தாய், டோக்கியோவில் அவன் இருக்கும் நிலையைப் பார்க்க வருகிறாள். 'தோக்யோ போஷோகு' (டோக்கியோ ட்விலைட், 1957) அவர் எடுத்ததிலேயே இருண்டது, 140 நிமிடம். மனம் தெம்பாக இருக்கும் நாளுக்கு ஒதுக்கிவையுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு 'ஒஹாயோ'வின் கடைசிப் பகுதியில் வரும் ரயில் நிலையக் காட்சியை மட்டும் மறுபடி போடுங்கள். ஒருவரையொருவர் விரும்பும் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும் மேடையில் நிற்கிறார்கள். நல்ல வெயில், இல்ல? ஆமாம், நல்ல வெயில். அந்த மேகம் என்ன மாதிரி இருக்கு பாருங்க. சப்டைட்டிலை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அந்த 'நே'க்கள் போதும்.